சாய்ந்த கிணற்றில் நடுவாக நிற்க வேண்டிய கருவி

பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில் 35-ஆம் எண் வளாகம், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி. இங்கே நிலவியல் படிக்கிறவர்களுக்குப் பாடத்தின் பெரும்பகுதி காலடியிலேயே கிடக்கிறது, கண்ணில்தான் படாது. நகரத்துக்கு அடியில் கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் கிலோமீட்டர் கணக்கில் தடித்திருக்கிறது. அதற்கும் கீழே மேற்கிலிருந்து மெல்லச் சரிந்து வரும் பழைய சுண்ணாம்புக்கல் அடுக்கு, கல்கத்தாவை ஒட்டி ஓடும் ஒரு கோட்டில் சட்டென்று ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது.

அந்த ஆழத்தில் எண்ணெய் இருக்குமா என்று 1950களிலேயே தேடினார்கள். இந்திய அரசும் அமெரிக்காவின் ஸ்டான்வாக் நிறுவனமும் சேர்ந்து மேற்கு வங்கத்தில் தோண்டிய கிணறுகளில் வணிக அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. விடை கிடைக்க 2018 ஆயிற்று. கல்கத்தாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில், வடக்கு 24 பர்கானா மாவட்டத்து அசோக்நகரில், ஓ.என்.ஜி.சி. எண்ணெயும் எரிவாயுவும் கண்டது. 2020 டிசம்பர் 20 அன்று அந்தக் கிணறு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வங்கப் படுகை நாட்டின் எட்டாவது உற்பத்திப் படுகையானது.

செய்தி அத்தோடு முடிந்தது. கிணறு தோண்டிய பிறகு நடக்கும் வேலையைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அசோக்நகரைப் போல மக்கள் நெருக்கமாக வாழும் ஊரில் அந்த வேலைதான் முக்கியம்.

எண்ணெய்க் கிணற்றில் இரும்புக் கேசிங் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள சந்தில் சிமென்ட் கலவையை ஏற்றுகிறார்கள். கீழேயுள்ள வாயுவும் உப்புநீரும் மேலேயுள்ள நன்னீர் அடுக்குக்கு ஏறாமல் தடுப்பது அந்தச் சிமென்ட் வளையம். வடக்கு 24 பர்கானாவில் மேலடுக்கு நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஆர்சனிக் பிரச்சினை. ஆழத்து நீரையாவது பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய மாவட்டம் அது.

சிமென்ட் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோலத்தான். கம்பிவடத்தில் ஓர் ஒலிக்கருவியை இறக்குகிறார்கள். அது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்ப, 3 அடி தள்ளியிருக்கும் ஏற்பி கேட்டுக்கொள்கிறது. வெறும் குழாய் கணகணவென்று ஒலிக்கும், பதிவில் அலை உயரமாக நிற்கும். சிமென்ட் இறுகப் பிடித்த குழாயில் ஒலி அடங்கிப்போகும். ஆக, அலை சிறுத்திருந்தால் சிமென்ட் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

வம்பும் இங்கேதான். கருவி குழாயின் நட்டநடுவில் இருந்தால்தான் சுற்றுச்சுவரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும் ஒலி ஒரே கணத்தில் ஏற்பியைச் சேரும். கருவி 6 மில்லிமீட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கியதாக வைத்துக்கொள்வோம். கிட்டச் சுவர் வழியாகப் போய்வரும் பாதை 12 மில்லிமீட்டர் குறைகிறது, எட்டச் சுவர் வழியில் அதே அளவு கூடுகிறது. கிணற்றுத் திரவத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகிறது. ஆக, இரண்டு பக்கத்து ஒலிக்கும் 16 மைக்ரோ நொடி இடைவெளி. ஓர் அலை முழுதாக ஒருமுறை அதிர எடுக்கும் நேரமே 50 மைக்ரோ நொடிதான். முன்னும் பின்னுமாக வரும் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கால் அங்குல விலகலுக்கே அலை உயரம் பாதியாகிவிடும் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு.

இதன் விளைவை நிதானித்துப் பார்க்க வேண்டும். பிழை ஆபத்தான பக்கமாகவே சாய்கிறது. சிமென்ட் சரியாகப் பிடிக்காத இடத்தில் உயரமாக வரவேண்டிய அலை, கருவி ஒதுங்கியதால் சிறுத்து, ‘எல்லாம் நன்று’ என்று பதிவாகிறது.

நேராக நிற்கும் கிணற்றில் இது பெரிய தொல்லை இல்லை. ஆனால் எல்லாக் கிணறும் நேராக இறங்குவதில்லை. பாம்பே ஹை கடல் எண்ணெய் வயலில் ஒரே மேடையிலிருந்து பல கிணறுகள் கடலடியில் சாய்வாக விரிகின்றன. நிலத்திலும் வீடுகளையும் வயல்களையும் விட்டு விலகி, ஒரே திடலிலிருந்து பல திசைகளில் சாய்த்துத் தோண்டுவது வழக்கம். 150 கிலோ எடையுள்ள கருவி 30 பாகை சாய்ந்த கிணற்றில் 75 கிலோ விசையோடு கீழ்ச்சுவரில் சாய்கிறது; 60 பாகையில் அது சுமார் 130 கிலோ.

இந்தச் சுமையைத் தாங்கிக் கருவியை நடுவில் நிறுத்துவது சென்ட்ரலைசரின் வேலை. பழைய வகையில் வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகள் கருவியைச் சுற்றி நின்று சுவரைத் தள்ளும். பட்டை மெலிந்தால் எடைக்கு அமுங்கிவிடும். தடித்தால் எல்லாச் சுவரிலும் உராய்ந்து, கருவியைக் கீழே இறங்கவே விடாது. சாய்வு 60, 65 பாகையைத் தாண்டினால் கருவி தன் எடையால் இறங்குவதே பெரும்பாலும் நின்றுவிடும். அதன்பின் மின்மோட்டார் சக்கரங்கள் வைத்த டிராக்டரோ, துளைக்குழாயோ தள்ளிக்கொண்டு போக வேண்டும். புதிய சென்ட்ரலைசர்களில் கைகளின் நுனியில் உருளை இருக்கிறது. கைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால் ஒரு கை மட்டும் மடங்க முடியாது. எடை ஒரு பக்கம் அழுத்தினாலும் அச்சு நடுவிலேயே நிற்கும்.

எல்லாக் கருவிக்கும் நடுவிடம்தான் நல்லது என்றும் இல்லை. பாறையின் அடர்த்தியை அளக்கும் கருவி சுவரை ஒட்டிக்கொண்டால்தான் சரியாகப் படிக்கும். ஒரே கம்பிவடத்தில் இரண்டும் சேர்ந்து போகும்போது, நடுவே வளைந்துகொடுக்கும் மூட்டுகளை வைத்து ஒன்றன் இழுப்பு மற்றதைத் தொடாமல் பிரிக்கிறார்கள்.

அளக்காமல் விட்டதற்கும் ஒரு சான்று உண்டு. மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில், கேசிங்கை நடுவில் நிறுத்த 21 சென்ட்ரலைசர்கள் வேண்டுமென்று சிமென்ட் வேலையை ஏற்றிருந்த ஹாலிபர்ட்டன் நிறுவனத்தின் கணக்கு சொன்னது. இறக்கப்பட்டவை 6. சிமென்ட்டைச் சோதிக்க ரிக்குக்கு வந்திருந்த குழுவை 2010 ஏப்ரல் 20 காலையில் வேலை வாங்காமலே திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவு வெடிப்பில் 11 பேர் இறந்தார்கள்.

கருவி நடுவில் நின்றதா என்பதை அதன் பதிவே காட்டிக்கொடுக்கும். வெறும் குழாய் வழியாக ஒலி வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பது குழாயின் அளவைப் பொறுத்து முன்கூட்டியே தெரியும். அதைவிட நான்கைந்து மைக்ரோ நொடிக்கு மேல் முந்தி வந்தால், கருவி சுவர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டது. அந்தப் பகுதியின் அலை உயரத்தை நம்பக்கூடாது. அசோக்நகரிலோ காவிரிப் படுகையின் நரிமணத்திலோ ஒரு கிணற்றின் சிமென்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது, அலை உயரக் கோட்டின் பக்கத்தில் இந்த நேரக் கோட்டையும் ஊர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டும். எத்தனை சென்ட்ரலைசர், கருவியில் எந்த இடத்தில் என்பது பதிவின் தலைப்புத் தாளில், கருவியின் படத்திலேயே வரையப்பட்டிருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.