தூராத காது

சென்ற ஜூனில், சீசன் கூட்டம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகள் ஊட்டி கமர்சியல் சாலையில் இரண்டாவது முறையாகக் காது குத்திக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். குழந்தையில் குத்திய துளைக்குச் சற்று மேலே, அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைக் கல். சிவந்திருந்த காதைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் வந்த ஒரு போனில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அவள் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். "ஒரு காதுக்கு ஒரு தோடு" என்பது அங்கே சீருடை விதி. ஸ்டேட்டஸில் போட்ட படத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், மறுநாள் ஷிப்டுக்கு அதைக் கழற்றிவிட்டு வரச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்குத்தானே குத்தினேன் சித்தி? கழட்டினா தூர்ந்துடுமே!" என்றாள்.

தூர்ந்துவிடும். கிணறு தூர்வது போலக் காதும் தூரும். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் புழங்கும் சொல் அது. பயம் ஒன்றுதான், பயத்துக்கான காரணம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

அன்று: மடியில் ஆறிய புண்

எங்கள் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய இலட்சக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசு நீலகிரியில் தேயிலை நட்டது. 1976-ல் அது டான்டீ என்னும் அரசுத் தேயிலைக் கழகமானது. பாட்டி கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்தார்.

பாட்டியின் காது ஏறக்குறையத் தோளைத் தொடும். மதுரை, இராமநாதபுரம், நெல்லைச் சீமைப் பெண்களுக்கு ஒரு காலத்தில் அதுதான் அழகு. கைக்குழந்தையிலேயே குத்தி, துளையில் பஞ்சு வைத்து, பிறகு பனையோலைச் சுருள், அதற்கும் பிறகு ஈயக் குணுக்கு என்று கனத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வளர்ந்த காதில் தண்டட்டியோ பாம்படமோ ஏறும். பாட்டியின் தண்டட்டி வழிச்செலவுக்குப் போய்விட்டது. நான் பார்த்ததெல்லாம் அது தொங்கிய வெறுங்காதைத்தான்.

காது வளர்க்கும் வழக்கம் என் பெரியம்மாவோடு நின்றது. காதுகுத்து நிற்கவில்லை. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படை மாதம் பார்த்து, குலதெய்வத்துக்கு மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைப்பார்கள். ஆசாரி சந்தனத்தால் புள்ளி வைத்துப் பொன்கம்பியை இறக்குவார். குழந்தை வீறிடும், அதன் வாயில் வெல்லம் போகும், வந்தவர்களுக்குக் காப்பரிசி. கண்ணனையே காது குத்திக்கொள்ள வரும்படி தாய் கெஞ்சி அழைப்பதாகப் பெரியாழ்வார் ஒரு பதிகம் பாடியிருக்கிறார் என்றால், இந்தச் சடங்கு தமிழ் வீட்டில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதில் ஒன்றை நாம் கவனிப்பதே இல்லை. அந்தப் புண் ஆறியது தொட்டிலில். அதற்காக யாரிடமும் விடுப்புக் கேட்கவில்லை. எந்தச் சீருடைக்கும் கணக்குச் சொல்லவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும்போது காதின் துளைக்கு இருபது வயதாகியிருக்கும். புதுக் காதும் வேலையும் ஒருவர் வாழ்க்கையில் ஒரே நாளில் சந்தித்தது அபூர்வம்.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள்கணக்குப் பார்ப்பார்கள். சாயங்காலம் கொழுந்தை நிறுப்பார்கள். கம்பளிக்குள்ளே காதில் என்ன தொங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் எழுதாத விதி ஒன்று இருந்தது. என் பெரியம்மா தோட்டத்தை விட்டு டவுனில் ஆயா வேலைக்குப் போனபோது, தொங்கும் காதை டாக்டரிடம் அறுத்துத் தைத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. அந்தத் தலைமுறையில் எத்தனையோ பெண்கள் அப்படித் தைத்துக்கொண்டார்கள். தைத்த தழும்புக்கு மேலே மறுபடி குத்தி, சின்னக் கம்மல் போட்டார்கள்.

எனக்குத் தெரிந்த "தூர்ந்துபோகும்" பயம் அடகுக் கடையிலிருந்து வந்தது. பள்ளி திறக்கும் ஜூனில் அம்மா என் கம்மலைக் கழற்றுவார். நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் அதுதான் பணம். அன்றே வேப்பங்குச்சியைச் சீவி, முனை மழுக்கி, மஞ்சள் தடவிக் காதில் செருகிவிடுவார். வேம்பு கிடைக்காத மலை இது. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவராவிட்டால் துடைப்பக் குச்சிதான். கம்மல் திரும்பி வரும்வரை துளை தூராமல் அந்தக் குச்சி காவல் இருக்கும். வகுப்பில் யார் காதில் குச்சி இருக்கிறது என்று பார்த்தால் யார் வீட்டில் கஷ்டம் என்று தெரிந்துவிடும். முடியை இழுத்து மறைத்துக்கொள்வோம்.

ஆண் காதுக்கும் ஒரு சட்டம்

வேலையிடத்துச் சீருடை தமிழர் காதில் கைவைத்தது இன்று நேற்றல்ல. ஆண்கள் கடுக்கன் போட்ட காலம். 1805-ன் இறுதியில் மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி ஜான் கிரடாக்கின் கீழ் புதிய ஒழுங்கு விதிகள் வந்தன. சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தாடையை மழிக்க வேண்டும் என்றன அவை. கூடவே ஒரு புதுத் தலைப்பாகையும் வந்தது. அதில் இருந்த தோல் குஞ்சம் இந்து, முஸ்லிம் இருவரையும் புண்படுத்தியது. மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி விதித்தார்கள்.

1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயப் படையினர் இறந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அந்த எழுச்சிக்குத் தலைப்பாகை பெரிய காரணம். கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பமும் ஒரு காரணம். ஆனாலும் கடுக்கனும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிறகு ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

அந்த மெட்ராஸ் படையின் வழிவந்த மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இன்று எங்கள் மலையில்தான், குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. அங்கே சேரும் தமிழ்ப் பையன்கள் பலருக்குக் காதில் மாமன் மடியில் குத்திய புள்ளி இருக்கும். சீருடையில் கடுக்கன் கிடையாது. யாரும் கலகம் செய்வதில்லை. சேரும்போதே அது தெரியும், எல்லோருக்கும் ஒன்றுதான். சொல்லிப் புரியவைத்த விதியை மனிதர்கள் ஏற்கிறார்கள். உடம்பில் திடீரென்று கைவைக்கும் விதியைத்தான் எதிர்க்கிறார்கள்.

இன்று: ஷிப்டுக்கும் புண்ணுக்கும் நடுவே

இப்போது காது குத்துகிறவர் தொட்டில் குழந்தை மட்டுமல்ல. சொந்தச் சம்பளத்தில், சொந்த விருப்பத்தில், இருபத்திரண்டு வயதில் இரண்டாவது துளை, மேல்காதில் மூன்றாவது துளை. பையன்களும் குத்திக்கொள்கிறார்கள். தாய்மாமன் மடியும் காப்பரிசியும் இல்லை. வலி, ஆசை, பெருமிதம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஆற வேண்டிய புண் இப்போது வேலை நேரத்துக்குள் வந்துவிட்டது. ஆகவே விதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில விதிகளுக்குப் பலமான காரணம் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாடி, அரைபட்டு, உலர்ந்து, சலிக்கப்பட்டு வரும் வழியில் காந்தம் வைத்திருப்பார்கள். இரும்புத் துணுக்கை அது பிடித்துவிடும். பொன் தோட்டையோ வெள்ளித் திருகாணியையோ காந்தம் பிடிக்காது. அது நேரே யாரோ ஒருவர் தேநீர்ப் பொட்டலத்துக்குள் போய்விடும். உணவைக் கையாளுகிறவர்கள் நகை அணியக் கூடாது என்று 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் சொல்வது இதனால்தான். ஊட்டியில் சாக்லேட் வார்க்கிறவர்களுக்கும் வர்க்கி சுடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். சுழலும் உருளைக்குப் பக்கத்தில் தொங்கட்டான் ஆபத்து. வெடிமருந்து தயாரிக்கும் கூடத்தில் ஒரு சின்ன உலோகத் துண்டும் ஆபத்து. அறுவை அரங்கில் கிருமி ஆபத்து. இந்த இடங்களில் வேலை பார்க்கிறவர்கள், புண் ஆறும்வரை அந்தப் பகுதிக்கு வெளியே வேறு வேலை கேட்டு வாங்க முடிந்தால் மட்டுமே குத்திக்கொள்ள வேண்டும். அதில் விவாதம் இல்லை.

இன்னொரு வகை, தோற்றத்துக்கான விதி. "ஒரு காதுக்கு ஒரு தோடு" அந்த வகை. விருந்தினர் முன் நிற்கிறவர்கள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று நிர்வாகம் நினைக்கலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் தோற்றத்துக்கான விதியால் எட்டு வாரம் காத்திருக்க முடியும். புண்ணால் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு பெண்கள் பள்ளியின் விதியும் இதுவேதான்: ஒவ்வொரு காதிலும் ஒரே ஒரு சாதாரணத் தோடு. 2004-ல் ஒரு தமிழ் வம்சாவளி மாணவி விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு வந்தாள். அது குடும்ப வழக்கம். பள்ளி கழற்றச் சொன்னது. தாய் நீதிமன்றம் போனார். 2007 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், பள்ளி இடம் கொடுக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பிள்ளை வழக்கு என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஆசைக்குக் குத்திய காதும் வழக்கத்துக்குக் குத்திய மூக்கும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. ஆனாலும், விதிக்குள் கொஞ்சம் இடம் விடுவதால் விதி அழிந்துபோவதில்லை என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

குளிரூரில் ஒரு புதுக் காது

அன்றிரவு நானும் அக்கா மகளும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினோம். "இது காதுச் சோணையில் குத்தியது, ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கழற்றினால் துளை சில மணி நேரத்திலேயே மூடிக்கொள்ளும். மறுபடி திணித்தால் சீழ் பிடிக்கும். எட்டு வாரம் மட்டும், இந்தச் சிறு தோட்டோடு வர அனுமதியுங்கள்." மேலாளர் படித்துவிட்டுச் சரி என்றார். கேட்காமலே போயிருந்தால் அவளுக்கு அந்தச் "சரி" கிடைத்திருக்காது.

பராமரிப்பும் அன்று போல இல்லை. அம்மா தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவித் தினமும் கம்பியைச் சுழற்றுவார். சுழற்றினால் ஆறுகிற தோல் மறுபடி கிழியும் என்பதால், இப்போது அசைக்காதே என்கிறார்கள். கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பு போட்டு, தினம் இரண்டு வேளை துடைத்தால் போதும். கையைக் கழுவாமல் தொடக் கூடாது. மலிவான கலப்பு உலோகத்தில் உள்ள நிக்கல் பலருக்கு அரிப்பைத் தரும். நல்ல பொன்னோ டைட்டானியமோ நல்லது. மேல்காதுக் குருத்தெலும்புக்குத் தனி இரத்தக் குழாய் கிடையாது; அது ஆற மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அங்கே சீழ் பிடித்தால் காதின் உருவமே சுருங்கிவிடக் கூடும். ஆகவே அந்த இடத்தில் துப்பாக்கியால் அடிக்கவிடாமல், ஊசியால் குத்தத் தெரிந்தவரிடம் மட்டுமே போக வேண்டும். வீங்கிச் சூடாக வலித்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஊட்டிக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. கம்பளிக் குல்லாயின் நூல் திருகாணியில் மாட்டும். ஹெல்மெட்டைக் கழற்றும்போது தோடு இழுபடும். ஈரத் துண்டும் மப்ளரும் நாள்கணக்கில் காயாத ஊர் இது. அவள் குல்லாய்க்கு அடியில் பழைய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டாள்; தலையணை உறையைத் தினமும் மாற்றினாள். குத்தியது ஏப்ரல், மே சீசனில் அல்லாமல் ஜூனில் என்பதும் உதவியது. கூட்டம் குறைந்த நாளில் ஒரு சலுகை கேட்பதும் கொடுப்பதும் எளிது.

எட்டு வாரம் கழித்து அவள் ஒரு பொருளைக் காட்டினாள். ஒளி ஊடுருவும் கண்ணாடிக் குச்சி. குத்தி ஒரு வருடம் ஆகும்வரை புதுத் துளையை வெறுமனே விட்டால் மூடிக்கொள்ளும் என்பதால், வேலை நேரத்தில் தோட்டைக் கழற்றிவிட்டு அதைச் செருகிக்கொள்கிறாள். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. நான் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தேன். நீளமும் பருமனும் அம்மா சீவிய வேப்பங்குச்சியேதான். அன்று பொன் திரும்பி வரும்வரை துளையைக் காத்தது. இன்று ஷிப்டு முடியும்வரை காக்கிறது. நாங்கள் குச்சியை மறைத்தது வறுமையின் கூச்சத்தால். இவள் வைத்திருப்பது இவளாகச் சம்பாதித்து, இவளாகத் தேர்ந்த ஒன்றைக் காப்பாற்ற. இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வாழ்த்துகிறேன்.

இளையவர்களே, காது குத்தப் போகுமுன் வேலையிடத்து விதியை ஒருமுறை கேட்டுவிடுங்கள். விதி எழுதுகிறவர்களே, உணவும் இயந்திரமும் நோயாளியும் இல்லாத இடங்களில் ஒரே ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: புதிதாகக் குத்திய காதுக்கு எட்டு வாரம் அனுமதி. அந்த ஒரு வரி போதும், காது தூராது, வேலையும் கெடாது.