காலாவதியான அட்டைக்கு எதற்கு லேமினேஷன்?

வேலைவாய்ப்பு அலுவலக அட்டைக்கு லேமினேஷன் போட்டு, பட்டா, நகைச்சீட்டோடு பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். எடுத்துப் பார்த்தால் புதுப்பிக்க வேண்டிய மாதம் தாண்டி வருடக்கணக்காகியிருக்கும். “அதான் பதிஞ்சாச்சே!” என்பார்கள். பதிந்தது உண்மைதான். புதுப்பிக்காததால் அந்தப் பதிவு இப்போது உயிரோடு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பதிந்த பிள்ளை இருபத்தெட்டு வயதில் மறுபடி பதிந்தால், பதிவுமூப்பு இருபத்தெட்டிலிருந்துதான் தொடங்கும். நடுவில் காத்திருந்த காலம் கணக்கில் வராது.

வேலையில்லாதவர்களை அரசு இரண்டு விதமாக எண்ணுகிறது. ஒன்று, மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2017-18 முதல் நடக்கிறது. 2023-24இல் வேலையின்மை இந்தியா முழுவதும் 3.2 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5, கேரளத்தில் 7.2, மத்தியப் பிரதேசத்தில் 1 சதவீதம் என்றது. இதைப் படித்துவிட்டு மத்தியப் பிரதேசத்தில் எல்லோரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் கடையில் சம்பளமில்லாமல் கல்லாவில் உட்காருபவரும் இந்தக் கணக்கில் வேலையில் இருப்பவர்தான். இதே கணக்கெடுப்பின் வார நிலைக் கணக்கு இன்னும் தாராளம். கடந்த ஏழு நாளில் ஏதோ ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும், வேலையில்லாதவர் பட்டியலில் பெயர் வராது. பட்டம் வாங்கிவிட்டு வாரத்தில் இரண்டு நாள் கேட்டரிங் பரிமாறப் போகும் பையனுக்கு அந்தக் கணக்குப்படி வேலை கிடைத்துவிட்டது. மேலும், ஏழையால் வேலை தேடிக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுவார். படித்துவிட்டுக் காத்திருக்கும் வசதி இருக்கும் மாநிலத்தில்தான் சதவீதம் ஏறும்.

இந்தக் கணக்கெடுப்பு மாதிரிக் குடும்பங்களைக் கேட்டு எடுப்பது. உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமலே முடிந்துவிடலாம். இரண்டாவது கணக்கு அப்படியல்ல. அது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு. தமிழ்நாட்டில் 2023இல் அதில் 65 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இருந்தன. அதில் உங்கள் பெயர் இருப்பதும் போவதும் உங்கள் கையில்தான்.

புதுப்பித்தல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. எந்த மாதம் என்பது அட்டையிலேயே அச்சாகியிருக்கும். வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்திலேயே செய்யலாம், கட்டணம் கிடையாது. முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டரில் செய்தால் செய்து தருபவரின் கூலியைக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் புதிய அட்டையை அச்செடுத்து, அடுத்த புதுப்பித்தல் மாதம் மாறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். “பண்ணிட்டேன், போங்க” என்ற வார்த்தையை நம்பி வீடு திரும்பி, மூன்று வருடம் கழித்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

காலாவதியாகிவிட்டதா? உடனே புதிதாகப் பதிந்துவிடாதீர்கள். தவறவிட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை தருகிறது. 2017 முதல் 2019 வரை விட்டவர்களுக்கு 2021இல் அப்படி ஓர் ஆணை வந்தது. பழைய அட்டையோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போய், இப்போது சலுகை எதுவும் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே புதிதாகப் பதியுங்கள். அடுத்த சலுகை வரட்டும் என்று சும்மா இருந்தால் இருக்கிற நாளும் போகும்.

இன்னொரு அசட்டை, கூடுதல் தகுதியைப் பதியாமல் விடுவது. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவுமூப்பு உண்டு. பட்டச் சான்று கையில் வந்த வாரமே சேருங்கள். ஆதரவற்ற விதவை, கலப்புத் திருமணம் போன்ற முன்னுரிமைச் சான்றுகளும் அப்படித்தான். பதிவில் ஏறாமல் வீட்டில் இருக்கும் சான்றால் ஒரு பயனும் இல்லை.

பதிவு உயிரோடு இருப்பதன் கைமேல் பலன், வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பதிந்து, விடாமல் புதுப்பித்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்கு உரியது. மாதத்துக்குப் பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், மூன்று ஆண்டு வரை. வயது 40க்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கும் கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்கும் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும். தொகை 600 முதல் 1,000 வரை, பத்து ஆண்டு வரை கிடைக்கும். வருமான உச்சவரம்பும் இல்லை.

மற்றவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வீட்டில் ஒருவர் நாளைக்கு 240 ரூபாய் வீதம் 300 நாள் கூலி வாங்கினாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். 240 ரூபாய்க்கு எந்த ஊரில் ஆள் கிடைக்கிறார் என்று வரம்பை வைத்தவர்கள் சொன்னால் தேவலை. இந்த உதவித்தொகை அறிவிப்பும் செய்தித்தாளின் ஒரு மூலையில் நாலு வரியாக வந்து போகிறது. அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் கடமை முடிந்தது என்று அலுவலகங்கள் இருந்துவிடுகின்றன.

ஆகவே நீங்களே போங்கள். படிவம் அலுவலகத்தில் இலவசம், இணையதளத்திலும் இருக்கிறது. வருமானத்துக்கு வருவாய்த் துறையின் சான்று வேண்டும். அலைச்சல் இங்கேதான், அதனால் இதை முதலில் முடியுங்கள். பிறகு மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், வேலைவாய்ப்பு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு நேரில் கொடுங்கள். பெற்றோர் கணக்கு எண்ணை எழுதாதீர்கள்.

பணம் வரத் தொடங்கியதும் அலுவலகத்தை மறந்துவிடுபவர்கள் அதிகம். எந்த வேலையிலும் சுயதொழிலிலும் இல்லை என்ற சுய உறுதிமொழி ஆவணத்தை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொகை நின்றுவிடும். நடுவில் வேலை கிடைத்தால் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுங்கள். பொய்யாகக் கையெழுத்திட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். தனியார் வேலைக்குப் போவதாலோ உதவித்தொகை வாங்குவதாலோ உங்கள் பதிவு ரத்தாகாது. பதிவு வேறு, தொகை வேறு. இதைக் குழப்பிக்கொண்டு பகுதி நேர வேலைக்குப் போன பிள்ளைகள் புதுப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

கடைசியாக, காத்திருப்பவர்களையே குறிவைக்கும் இரண்டு மோசடிகள். பணம் கொடுத்தால் பதிவுமூப்பை முன்னே தள்ளித் தருகிறேன் என்பவர் எவரானாலும் ஏமாற்றுக்காரர். அடுத்தது, வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை என்று டெலிகிராமில் வருவது. முதலில் நூறு இருநூறு தருவார்கள், பிறகு நீங்கள் பணம் கட்டினால்தான் அடுத்த ‘டாஸ்க்’ என்பார்கள். சம்பளம் வாங்கப் போகிறவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? கட்டிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்கத்தான் அந்த எண். விடியட்டும் என்று விட்டால் முடக்க அங்கே ஒன்றும் இருக்காது. அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தேதி, நேரம், பணம் போன கணக்கு அல்லது யுபிஐ முகவரி கையில் இருக்கட்டும். டெலிகிராம் உரையாடலை அழிக்காதீர்கள். திரைப்பதிவு எடுத்துச் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுத்து, புகார் ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.