இரண்டு இசக்கிமுத்துகள்

தாமிரபரணிக் கரையில் ஏதாவது ஓர் ஊரின் வாக்காளர் பட்டியலைப் புரட்டுங்கள். இசக்கிமுத்து, சுடலைமுத்து, நெல்லையப்பன், காந்திமதி, கோமதி என்று சாமிகளே வரிசை கட்டி நிற்பார்கள். போதாக்குறைக்கு, பேரனுக்குத் தாத்தா பெயரை இடும் வழக்கம். சுடலைமுத்து, சுப்பையா என்ற அண்ணன் தம்பி இருவரும் அப்பா இசக்கிமுத்துவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், ஒரே தெருவில் இரண்டு 'சு. இசக்கிமுத்து'. பட்டியலில் இரட்டைப் பதிவு தேடும் நிரலுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது.

ஒரு லட்சம் பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 500 கோடி ஒப்பீடுகள். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் சொன்ன 'ஹாஷ்' வழி இதைச் சுருக்கியது. பெயரை ஒரு கணக்கில் போட்டு எண்ணாக்கி, அந்த எண்ணுள்ள அறையில் வைக்க வேண்டும். அடுத்த பெயர் வந்தால் அதற்குரிய அறையை மட்டும் எட்டிப் பார்த்தால் போதும். லட்சம் பெயருக்கு ஏறக்குறைய லட்சம் பார்வை.

ஆனால் ஹாஷ் ஒரு புள்ளி பிசகினாலும் கைவிட்டுவிடும். 'கோமதி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். ஒரு கோமதிக்கு ஐந்து குறியீடு, இன்னொரு கோமதிக்கு ஆறு. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு ஆள். எனவே எல்லாவற்றையும் முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். தமிழ்ப் பட்டியல்களைக் கையாளும்போது தாண்டக் கூடாத படி இது.

ஆங்கிலத்தில் எழுதினால் இன்னொரு தலைவலி. இசக்கியை ஒருவர் 'E' எழுத்திலும் மற்றவர் 'I' எழுத்திலும் தொடங்குவார். ஒலியை வைத்துப் பெயர்களைக் கூட்டும் 'சவுண்டெக்ஸ்' 1918-இல் காப்புரிமை பெற்றது. முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொள்வதால் இந்த இருவரையும் பிரித்துவிடும். ரஷ்யக் கணிதர் லெவன்ஷ்டெய்ன் 1965-இல் தந்த அளவை, குறைந்தது எத்தனை எழுத்தை மாற்றியோ சேர்த்தோ நீக்கியோ ஒன்றை மற்றதாக்கலாம் என்று எண்ணும். இங்கே ஒன்றுதான், பிடித்துவிடும். ஆங்கிலத்தில் அதே ஓரெழுத்து வித்தியாசத்தில் ராமனும் ரமணியும் ஒன்றாகிவிடுவார்கள் என்பது வேறு கதை!

தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19-இல் வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில், இரட்டைப் பதிவு என்று மட்டும் சுமார் 3.39 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. இரட்டையைத் தவறவிட்டால் ஒரு வரி மிஞ்சும். தவறாக நீக்கினால் ஒருவரின் ஓட்டே போகும். அதனால்தான், விவரங்கள் ஒத்துப்போகும் பதிவுகளை மென்பொருள் பொறுக்கித் தந்தாலும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே போய் விசாரித்த பிறகே பெயரை அடிக்க வேண்டியிருக்கிறது.