மேப்பில் பக்கம்... ரோட்டில் தூரம்! விபத்துப் பகுதிகளைக் கண்டுபிடிக்கும் கணக்கு இதுதான்

புதுச்சேரி மேப்பை போனில் திறந்து பாருங்கள். நகரின் தெற்கு முனையில் வம்பாகீரப்பாளையம். அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் வீராம்பட்டினம். பார்த்தால் கூப்பிடு தூரம்தான்.

ஆனா பைக்கில் கிளம்பினால் கதை வேற. கடலூர் சாலைக்கு வந்து, முருங்கப்பாக்கம் தாண்டி, பாலத்தைக் கடந்து, அரியாங்குப்பத்தில் இடதுபக்கம் திரும்பணும். செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரோட்டத்துக்குப் போனவர்களுக்கு இந்தச் சுற்று நன்றாகவே தெரியும்.

இதுக்கும் விபத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆற்றின் இரு கரையிலும் இரண்டிரண்டு விபத்துகள் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேப்பில் நான்கு புள்ளிகளும் ஒரே கொத்தாகத் தெரியும். 'இங்கே ஏதோ ஆபத்து' என்று தோன்றும். ஆனால் அவை வேறு வேறு சாலைகள், காரணங்களும் வேறு. வேகத்தடையோ சிக்னலோ எங்கே வைப்பது என்பதை இந்தக் கொத்தைப் பார்த்து முடிவு செய்தால், தப்பான இடத்தில் காசு போகும்.

இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2015 வரையறைப்படி, தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், 3 ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் பதிவானால் அது 'பிளாக் ஸ்பாட்'. சாலை வழியே அளப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 5 விபத்துகள் தற்செயலா, சாலையின் கோளாறா என்று இந்த விதி கேட்பதில்லை.

அதைக் கேட்கும் கணக்கு எது?

ஜப்பானின் அட்சுயுகி ஒகாபே, இகுஹோ யமடா இருவரும் 2001-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு விபத்து நடந்த இடத்தில் நின்று, சாலை வழியாகவே எல்லாப் பக்கமும் 100 மீட்டர் போய், வேறு எத்தனை விபத்துகள் என்று எண்ண வேண்டும். ஒவ்வொரு விபத்துக்கும் இதே வேலை. பிறகு, அதே எண்ணிக்கையிலான புள்ளிகளை அதே சாலைகள் மேல் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு தூவும். ஒருமுறை இல்லை, நூற்றுக்கணக்கான முறை. நிஜக் கணக்கு இதையெல்லாம் மிஞ்சினால்தான் அது உண்மையான கொத்து.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. நாற்சந்தியில் நின்றால் 100 மீட்டருக்குள் நான்கு சாலைகள் வரும். நேர் சாலையில் இரண்டு பக்கம்தான். அதனால் சந்திப்புகள் சும்மாவே ஆபத்தாகத் தெரியும். 2012-ல் ஏட்ரியன் பேட்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைச் சரிசெய்தார்கள்.

புது யோசனையா?

அடிப்படை யோசனை பழசுதான். 1854 லண்டன் காலராவை ஆராய்ந்த டாக்டர் ஜான் ஸ்நோ, எந்தக் குழாயடி யாருக்குப் பக்கம் என்பதைத் தெரு வழியே நடக்கும் தூரத்தை வைத்துத்தான் மேப்பில் கோடு போட்டார்.

எல்லாச் சாலையும் ஒன்றா?

இல்லை. கடலூர் சாலையில் ஓடும் வண்டிகளும் வீராம்பட்டினம் சாலையில் ஓடும் வண்டிகளும் ஒரே அளவு கிடையாது. தேரோட்டத்தன்று அந்தச் சின்னச் சாலையே நிரம்பி வழியும். அதனால் புள்ளிகளைச் சமமாகத் தூவாமல், போக்குவரத்து அதிகமுள்ள இடத்தில் அதிகமாகத் தூவிப் பார்க்க வேண்டும். அதற்கு எந்தச் சாலையில் எந்த நேரம் எத்தனை வண்டி போகிறது என்ற கணக்கும் கையில் இருக்கணும்.