ஞாயிறு மாலைக்குப் பிறகு குரைக்கும் நாய்

முட்டுக்காட்டுக் கடலோரப் பங்களாக்கள் பலவற்றில் வார நாட்களில் குடியிருப்பது இருவர்தான்: ஒரு வாட்ச்மேன், ஒரு நாய். சொந்தக்காரர் சனிக்கிழமை ஈ.சி.ஆர். எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருவார், ஞாயிறு மாலை சென்னைக்குத் திரும்பிவிடுவார். மற்ற நாட்களில் நாயின் கச்சேரி முழுவதும் பக்கத்து வீட்டாருக்கு.

புகார் சொன்னால், "எங்க ப்ரூனோ குலைக்கவே குலைக்காதே!" என்று ஆச்சரியப்படுவார் சொந்தக்காரர். பெரும்பாலும் அது பொய்யாக இருக்காது. தனிமை தாங்காமல் குரைக்கும் நாய், வீட்டு ஆளைக் கண்டதும் அடங்கிவிடும். அவர் கேட்டிராத சத்தத்தைப் பற்றித்தான் புகார். தேதி, நேரத்தோடு செல்பேசியில் பதிவு செய்து காட்டுவது வாய்ச்சண்டையைவிடப் பலன் தரும்.

காவல் நாய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. கேட்டுக்கு வெளியே ஆள் நடக்கிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். தான் விரட்டியதால்தான் போனார் என்று நாய் கற்றுக்கொள்கிறது. அதிகாலை கடலுக்குப் போகும் மீனவர், நடைப்பயிற்சிக்காரர், படகுத் துறையைத் தேடி வழி தவறியவர், தெரு நாய் என்று முட்டுக்காட்டில் அதற்கு வெற்றி மேல் வெற்றி. கம்பி கேட்டில் தகரம் அடித்துப் பார்வையை மறைத்தாலே பாதிச் சத்தம் குறையக்கூடும்.

சத்தம் என்றால் சாதாரணமல்ல. 2012-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் 113.1 டெசிபலில் குரைத்துக் கின்னஸில் இடம்பிடித்தது. நம் நாட்டின் ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்கு அனுமதிப்பது பகலில் 55, இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபல். ஆனால் இது சராசரி அளவு. விட்டுவிட்டுக் குரைக்கும் நாய் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும், தூக்கம் மட்டும் சராசரியில் வராது.

நாயையே விரட்டச் சொல்ல முடியுமா? முடியாது. ருக்மிணி தேவி அருண்டேலை முதல் தலைவராகக் கொண்டு 1962-ல் தொடங்கிய இந்திய விலங்குகள் நல வாரியம், 2018-ல் ஹரியானாவுக்கு மாறும்வரை இதே ஈ.சி.ஆர். தொடங்கும் திருவான்மியூரில்தான் இயங்கியது. வாரியத்தின் 2015 வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கெடுத்தும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. குரைப்பது நாயின் இயல்பு, அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், குறிப்பாக இரவில், நாயை அமைதியாக வைத்திருக்க உரிமையாளர் முயல வேண்டும்.

அமெரிக்காவில் கதை வேறு. ஒரிகன் மாநிலத்தில் திபெத்திய மஸ்டிஃப் நாய்களின் குரைப்பால் பல ஆண்டுகள் அவதிப்பட்ட குடும்பத்துக்கு 2015-ல் சுமார் 2,38,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. நாய்களின் குரல் நாணை அறுவை செய்து ஒலியைக் குறைக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-ல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. மனிதர் செய்த தவறுக்கு நாயின் தொண்டையில் கத்தி வைத்த தீர்ப்பு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இங்கே அதைவிடப் பொருத்தமான பிரிவு ஒன்று மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960-லேயே இருக்கிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடமாட விடாமல் இருப்பது 11-வது பிரிவின்படி குற்றம். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றமே. பக்கத்து வீட்டாரின் தூக்கமும் நாயின் நலனும் இந்த இடத்தில் ஒரே கட்சி. அபராதம்தான் சிரிப்பை வரவழைக்கும்: முதல் முறை என்றால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய்க்குள்.

வளர்ப்பு நாய்க்கு உரிமம் கேட்கும் சென்னை மாநகராட்சியின் எல்லை உத்தண்டியோடு முடிகிறது. முட்டுக்காடு செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. ஆகவே பேச்சுவார்த்தைதான் முதல் வழி, அது பலிக்காவிட்டால் காவல் நிலையம், கடைசியில் உரிமையியல் நீதிமன்றத் தடையாணை.

பேச்சு வாட்ச்மேனோடு நின்றுவிட்டால் பயனில்லை. நாய்க்குச் சோறு வைப்பது அவர் வேலை. காலையும் மாலையும் அதைக் கடற்கரைக்கு நடத்திப் போவது பல வீடுகளில் அவர் வேலையில் சேராது. அந்த ஒரு மணி நேரத்துக்கும் சம்பளம் போட வேண்டியவர் சனிக்கிழமைதான் வருவார்.