காளத்திக் கோடும் லயிப்பும்

ஒரு வேலையில் மனம் முழுதாக ஒன்றி, பசியும் பொழுதும் மறந்துபோவதே லயிப்பு. இதை உளவியல் ஆய்வுக்குரிய பொருளாக்கியவர் மிகாய் சிக்சென்ட்மிகாயி (1934–2021). சிகாகோவில் ஓவிய மாணவர்களைக் கவனித்தபோது ஒரு விநோதம் அவருக்குப் புலப்பட்டது. படம் நன்றாக வந்துகொண்டிருக்கும்வரை சோறு தண்ணீர் நினைவின்றி வரைந்தவர்கள், முடிந்ததும் அதில் அக்கறை இழந்தார்கள். அவர்களைக் கட்டிப்போட்டது படமல்ல, வரைதல்தான். அடுத்து என்ன செய்வது என்ற தெளிவு, செய்தது சரியா என்று உடனே தெரிதல், கைத்திறனைச் சற்றே மிஞ்சும் சவால் ஆகியவை கூடும்போது லயிப்பு அமைகிறது என்று அவர் கண்டார். சவால் மிகுந்தால் பதற்றம், குறைந்தால் சலிப்பு.

திருப்பதி அருகே, பொன்முகலிக் கரையிலுள்ள, காளத்தி எனும் காளஹஸ்தியின் கலம்காரி இதற்கு நல்ல சான்று. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூரில் இந்தத் துணி ஓவியம் அச்சுக்கட்டை இல்லாமல், கையாலேயே எழுதப்படுகிறது. பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் உருவம் தீட்டியபின் ‘கலம்’ எனும் மூங்கில் எழுதுகோலை எடுப்பார்கள். அதன் நுனிக்கு மேலே சுற்றியிருக்கும் கம்பளி அல்லது துணி மையை உறிஞ்சி வைத்திருக்கும். விரல் அழுத்த அழுத்த மை இறங்கும். இரும்பும் வெல்லமும் நீரில் புளித்து உண்டாகும் அந்த மை, கடுக்காயின் துவர்ப்புச்சத்தைத் தொட்டதும் கருக்கத் தொடங்கும். கோடு சரியா, தவறா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கரிக்கோட்டைத் தட்டிவிடலாம், கறுத்த கோட்டை அழிக்க வழியில்லை. கவனம் சிதறாமல் இருக்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசல் பூசும் கட்டம் வேறு மாதிரி. பூசும்போது நிறம் ஏறக்குறைய தெரியாது. துணி காய்ந்து, அலசி, மஞ்சிட்டி போன்ற சாயத்தில் காய்ச்சும்போதுதான் படிகாரம் பட்ட இடம் சிவக்கும். அதுவரை பொறுமை வேண்டும். லயிப்புக்கு இடம் குறைவு.

பயிற்சியின் படிமுறையும் முக்கியம். நலிந்திருந்த இக்கலைக்கு, கைவினைகளின் மீட்சிக்காக உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயின் முயற்சியால் 1950களில் காளஹஸ்தியில் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. அங்கே கற்பித்தவர் ஜொன்னலகட்டா லட்சுமய்யா. இத்தகைய பயிற்சியில் பூவும் கரையும் பழகிய கை, முகத்துக்கும் பிறகு முழு இராமாயணக் காட்சிக்கும் ஏறும்போது, திறனோடு சவாலும் வளர்கிறது.

இன்று பல கூடங்களில் ஒருவர் கோடு எழுத, மற்றவர்கள் நிறம் நிரப்புகிறார்கள். எழுதுபவருக்கு வாய்க்கும் லயிப்பு நிரப்புபவருக்கு அவ்வளவாக வாய்ப்பதில்லை. சேலை ஆர்டருக்காக ஒரே மாங்காய்க் கரையை நாள் முழுதும் எழுத நேர்ந்தால், தேர்ந்த கைக்கும் அது வெறும் கூலிவேலைதான்.