எட்டாம் சுற்றில் இரண்டு விநாடி

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குச் செல்லும் மின்சார ரயில் எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை என்று வடசென்னைக்குள் நுழைகிறது அல்லவா? சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச் சண்டை வளர்ந்த வட்டாரம் அது. 1980-இல் முகம்மது அலியே சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார்.

அந்த அலியின் சுற்றுகளுள் மிகப் பரபரப்பானது எது? ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கின்ஷாசாவின் எட்டாம் சுற்றையே சொல்வேன்.

1974 அக்டோபர் 30. ஆப்பிரிக்காவில் பொழுது விடியவில்லை. எதிரே நின்ற ஜார்ஜ் ஃபோர்மனுக்கு வயது 25. அதுவரை தோல்வியே காணாதவர். அலிக்கோ 32. இரண்டாம் சுற்றிலிருந்து அலி ஒரு வேலை செய்தார். கயிற்றில் முதுகைச் சாய்த்து, கைகளால் முகத்தை மறைத்துக்கொண்டு, “அடி, அடி” என்பதுபோல் நின்றார். பார்த்தவர்கள் கதை முடிந்தது என்றே எண்ணினர்.

இங்கேதான் இயற்பியல் வருகிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள். ஏன்? பந்தின் உந்தம் முழுவதும் அழியத்தான் வேண்டும். அது அழிய எடுக்கும் நேரம் கூடினால் கையில் படும் விசை குறைகிறது. ஒரு குத்து 0.01 விநாடியில் நிற்பதற்குப் பதிலாக 0.02 விநாடியில் நின்றால், சராசரி விசை பாதிதான்! தளர்ந்த கயிறு அலிக்கு இந்த நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது. சிப்காட் தொழிற்சாலைகளில் அதிரும் இயந்திரங்களுக்கு அடியில் ரப்பர் திண்டு வைப்பதும் இதே கணக்குத்தான்.

குத்தியவருக்கோ வேறு கணக்கு. ஒவ்வொரு குத்துக்கும் தசைகள் சக்தியைச் செலவிடுகின்றன. தேவைப்படும் ஆக்சிஜனை இரத்தம் அதே வேகத்தில் கொண்டுவர இயலாது. சுற்று 3 நிமிடம், ஓய்வு 1 நிமிடம். அந்தக் கடன் அடைவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். எட்டாம் சுற்றில் ஃபோர்மனின் கைகள் கனத்துப் போயின. சுற்று முடியச் சில விநாடிகளே இருக்கையில் அலி கயிற்றை விட்டு வெளியே பாய்ந்தார். குத்துகள் சரமாரியாக விழுந்தன. ஃபோர்மன் சாய்ந்தார். ஆட்டம் முடிந்ததாக நடுவர் அறிவித்தபோது அந்தச் சுற்றில் மீதமிருந்தது 2 விநாடி!

ஆனால் கயிறு உடலைக் காக்கும், மூளையைக் காக்குமா? நம் மூளை மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதக்கிறது. தாடையில் குத்து விழுந்தால் தலை சட்டென்று திரும்புகிறது; மூளை ஒரு கணம் பின்தங்குகிறது. அப்போது நரம்பிழைகள் முறுக்கி இழுபடுகின்றன. ‘நாக்-அவுட்’ என்பது இதுவே. கையுறையும் தலைக்கவசமும் மேல்காயத்தைக் குறைக்கும்; இந்தத் திருகலை நிறுத்துவதில்லை.

1982 நவம்பரில் கொரிய வீரர் டக் கூ கிம், ரே மான்சினியுடன் மோதி 14-ஆம் சுற்றில் வீழ்ந்தார். மூளையில் இரத்தக் கசிவு. சில நாட்களில் இறந்தார். அதன் பிறகு உலகக் குத்துச் சண்டைக் கவுன்சில் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தது. மற்ற அமைப்புகளும் பின்னர் வழிக்கு வந்தன. 1984-இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. வாங்கிய குத்துகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று மருத்துவர்கள் வெகுகாலம் விவாதித்தார்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். (மூச்சுத் தொந்தரவோ இதய நோயோ உள்ளவர்கள் நேரம் பார்த்துச் சொல்லட்டும், போதும்.) மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணிக் குறியுங்கள். ஒரு நிமிடம் காற்றில் வேகமாகக் குத்துங்கள், உடனே எண்ணுங்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். மூன்றாவது எண் முதல் எண்ணுக்குத் திரும்பியிருக்கிறதா?